செல்லக்கனிப்பாறை

“உங்க அம்மா பேரு வேணும்” என்றாள் ஹெப்சிபா.

உலகம்மாள் தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடை. மேசையில் இன்னும் ஒரு குவியல் கிடந்தது.

“எதுக்கு?”

“ஒரு எடத்துக்கு வைக்க.”

தையல் மெஷின் நின்றது.

ஹெப்சிபா பாளையங்கோட்டைக்காரி. மொழியியல் படித்தவள். மலையடிவாரத்தில் அணுக்கழிவுக் கிடங்கு கட்டும் திட்டத்தில் பெயர்ப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அவளும் ஒரு கணினி நிரலும்தான் அந்தப் பிரிவு. நிரலுக்குத் தேய்மானி என்று பெயர். ஒரு சொல்லையோ கதையையோ கொடுத்தால், வரப்போகும் தலைமுறைகளின் வாயில் அது எப்படித் தேயும், அதனால் என்ன நடக்கும் என்று காட்டும்.

“நீங்க அந்தக் கெடங்குல வேல பாக்கிய” என்றாள் உலகம்மாள்.

“ஆமா.”

“அங்க தொடைக்கப் பெருக்கப் போன எங்கம்ம செத்தப்போ ஒருத்தரும் வரல. இப்போ பேரு கேட்டு வந்திருக்கிய.”

உலகம்மாள் ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். உட்காரச் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஹெப்சிபா உட்கார்ந்தாள்.

“குருவிப்பொட்டல்ல மலைக்கு அடியில வைக்கது பதினாயிரம் வருஷம் வெசமா இருக்கும். அதுவரைக்கும் எவனும் அங்க தோண்டக் கூடாது.”

“போர்டு வைங்க.”

“எந்த பாஷையில?”

“இதென்ன கேள்வி? தமிழ்ல.”

“கோயில் சுவத்துல பழைய கல்வெட்டு பாத்திருக்கியளா?”

“பாத்திருக்கேன்.”

“வாசிக்க முடிஞ்சுதா?”

“அது என்ன எழுத்தோ.”

“தமிழ்தான். ஆயிரம் வருஷந்தான் ஆவுது.”

உலகம்மாள் நூலைக் கடித்துத் துண்டித்தாள். “படம் போடுங்க. மண்டையோடு.”

“மண்டையோட்டப் பாத்தா நம்மாளு என்ன செய்வான்?”

உலகம்மாள் யோசித்தாள். “சுடலைமாடன் கோயில்னு கெடா வெட்டுவான்.” சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள்.

“பாஷை செத்துரும். எழுத்து செத்துரும். ஊர்ப்பேரு அவ்வளவு சீக்கிரம் சாவாது. கொற்கைக்கு வந்த கிரேக்கன் அத கொல்கோய்னு எழுதிவச்சான். கடல் வெலகிப் போச்சு. முத்து போச்சு. பாண்டியன் போனான், கிரேக்கனும் போனான். பேரு கெடக்கு. தூத்துக்குடிய வெள்ளைக்காரன் டூட்டிகோரின்னு கூப்பிட்டான். அவன் போன பெறவும் ஊர்க்காரன் வாயில இருந்தது நிக்கி. ஆளு மாறும், பாஷை மாறும். புதுசா வாரவன் பழைய பேர அவன் வாய்க்குத் தக்கன சொல்லிக்கிடுவான். அதான் எங்களுக்கு வேணும்.”

“குருவிப்பொட்டல்னே இருக்கட்டும்.”

“அது கூப்பிடுத பேரு. விரட்டுத பேரு வேணும்.”

“எங்கம்ம பேரு விரட்டுத பேரா? செல்லக்கனி. கேட்டா மிட்டாய்க் கடைன்னு நெனைப்பான்.”

“பொருள் தேஞ்சிரும். ஓசைதான் நிக்கும். அறுநூறு வருஷத்துல அது செலக்கினி. அதுக்குப் பெறவு சல்கி. கேக்கவனுக்கு ஒண்ணும் வெளங்காது. கதை மட்டும் ஒட்டிக்கிட்டு வரும்.”

“என்ன கதை?”

“இட்டுக்கட்டுன ஆளு பேர வச்சா பேரப்பிள்ளை காலத்துலயே மறந்துருதாவ. நெசமா ஒரு சாவு நடந்த எடத்துலதான் பேரு பிடிக்குது. நாங்க வேல தொடங்குன பெறவு அங்க நடந்த சாவு ஒண்ணுதான்.”

“கதை என்னன்னு கேட்டேன்.”

ஹெப்சிபா இதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். இப்போது நினைத்ததைவிட வேகமாகச் சொன்னாள்.

“ஒரு பொம்பள மலைக்கு அடியில வேலைக்குப் போனா. அங்கனயே தன் பிள்ளையக் கழுத்த நெரிச்சுக் கொன்னா. அந்தப் பாவம் மண்ணுல எறங்கிருச்சு. அங்க தோண்டுதவனுக்கும், தங்குதவனுக்கும், அந்தத் தண்ணி குடிக்கவனுக்கும் உடம்பு அழுகும்.”

வெளியே ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“அவளுக்கு நான் ஒருத்திதான் பிள்ளை” என்றாள் உலகம்மாள்.

“தெரியும்.”

“வெளிய போங்க.”

*

திட்ட இயக்குநர் திரவியம் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். “மாட்டேன்னுட்டாளா?”

“ஆமா சார்.”

“கேக்காமலே வச்சிருக்கலாம். நீதான் கேக்கணும்னு நின்ன.”

“உயிரோட இருக்க பிள்ளை சார். அவளக் கதையில கொல்லுதோம்.”

“கூலியாளுவ முகாம்ல இருந்தவளுவதான? அம்மைக்காரி சாத்தான்குளம் பக்கம். இங்க உள்ளவனுக்கு அவ மொகமும் தெரியாது, மவ மொகமும் தெரியாது. எவன் வந்து கேக்கப் போறான்?”

“உண்மையச் சொன்னா என்ன சார்?” என்றாள் ஹெப்சிபா.

திரவியம் கதவைப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. “அதத் தேய்மானியில போட்டுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“காட்டு.”

திரையைத் திருப்பிவைத்தாள். அநியாயமாகச் செத்த ஒரு பெண் என்று கதை கொடுத்திருந்தாள். மூன்றாம் தலைமுறையில் ஒரு கல்லை நட்டுப் பொட்டு வைத்தார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் கொடை விழா வந்தது, பந்தல் வந்தது, சாலை வந்தது, கடைகள் வந்தன. வருகிறவர்களுக்குக் குடிநீர் வேண்டும் என்று ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். துளை நேராகக் கிடங்கின் கூரைக்கு இறங்கியது. அதன்பிறகு அந்த வட்டாரத்தில் எந்த மொழியும் இல்லை.

“பாத்தியா?” என்றார் திரவியம். “நம்ம சனம் ஒருத்திக்காக அழ ஆரம்பிச்சா அடுத்தால கும்பிடும். கும்பிட்டா கூடும். கூடுனா கெணறு தோண்டும்.”

“அதனால ஒருத்தரும் அழ முடியாதவளா அவள ஆக்கணும்.”

“நான் ஆக்கல. ஒன் மெஷின்தான் சொல்லுது.”

அப்படித்தான் சொன்னது. பிள்ளையைக் கொன்ற தாய் என்று போட்டால் பெயர் மொழி விட்டு மொழி தாவித் திரையின் கடைசி ஓரம்வரை போனது. யாரும் கல் நடவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஹெப்சிபா வெளியே வந்தபோது ஆலய வாசலில் உலகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கையில் வைத்திருந்தாள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் கழற்றியிருக்க வேண்டும்.

“நெஞ்சுவலின்னு சொன்னாவ” என்றாள், வேறு எதுவும் சொல்லாமல். “பெட்டிய ஆணியடிச்சுக் குடுத்தாவ. தெறக்க விடல. நெஞ்சுவலியில செத்தவ மொகத்த ஏன் காட்டல?”

ஹெப்சிபா அவளை மரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

“எனக்கு உண்மையச் சொல்லுங்க. ஊருக்கு என்ன பொய் வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க.”

சொன்னால் வேலை போகும். அதற்கு மேலும் போகும். ஹெப்சிபா சொன்னாள்.

“சோதனைக்குன்னு கழிவு அடைச்ச மொத உருளைய எறக்குனாவ. அது கசிஞ்சிருச்சு. கீழ்த்தளம் பூரா தண்ணி. மறுநாள் மேலிடத்துலருந்து ஆளுங்க பாக்க வாரதா இருந்துச்சு. அபாய மணி சும்மா சும்மா அடிக்குன்னு ஏற்கெனவே அணைச்சு வச்சிருந்தாவ. உங்கம்மாட்ட வாளியும் துணியும் குடுத்துக் கீழ அனுப்புனாவ. தண்ணின்னுதான் சொன்னாவ.”

“கையில ஒறை?”

“இல்ல. கையாலதான் பிழிஞ்சிருக்காவ.”

உலகம்மாள் தன் கைகளைப் பார்த்தாள். “அவ எந்தத் துணியையும் ஒருதரம் பிழிஞ்சு விடமாட்டா. ரெண்டு தரம் பிழிவா. சொட்டு நின்னாத்தான் விடுவா.”

ஆலயத்திலிருந்து சனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஹெப்சிபாவுக்குத் தோத்திரம் சொன்னார்கள். அவளும் தலையசைத்துச் சொன்னாள்.

“இத வெளிய சொன்னா என்னாவும்?”

“சாமியாக்கிருவாவ. பெறவு அங்கன தண்ணிக்குத் தோண்டுவாவ.”

உலகம்மாள் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். “அந்தத் தண்ணிய அவ தொட்டதோட போவட்டும். அவ பேர வச்சிக்கிடுங்க.”

“உலகு—”

“நான் செத்தவல்லா இனிமே? இந்தப் பக்கம் இருக்கக் கூடாது. திருப்பூர்ல ஒரு கம்பெனில கூப்பிட்டுக்கிட்டு இருக்காவ. போயிருதேன்.”

*

பெயர் வைப்பது எளிதாகத்தான் இருந்தது.

ஒரு வில்லுப்பாட்டுக் குழுவிடம் கதையைக் கொடுத்தார்கள். அந்தக் குழு கோயில் கொடைகளில் அதைப் பாடியது. கேட்டவர்கள் அடுத்த ஊரில் சொன்னார்கள். வரைபடங்களில் குருவிப்பொட்டல் அழிந்து செல்லக்கனிப்பாறை வந்தது. சாலை பிரியும் இடத்தில் நடத்துநர்கள் “செல்லக்கனிப்பாறை விலக்கு” என்று கத்தினார்கள். சாப்பிடாத பிள்ளைகளிடம் “செல்லக்கனிட்ட குடுத்துருவேன்” என்றார்கள். குருவிப்பொட்டலிலேயே பிறந்து வளர்ந்து, வெளியேற்றப்பட்டு, புதுக்குடியிருப்பில் வாழ்ந்தவர்கள்கூடச் சில வருடங்களில் புதுப்பெயரையே சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டால் அந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

பேருந்துகளிலும் சந்தைகளிலும் திட்டத்தின் கேட்புப்பெட்டிகள் இருந்தன. வேறெந்தப் பேச்சும் பதிவாகாது என்று உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெயர் ஒலித்தால் மட்டும் திரையில் எண் ஏறும். ஏறிக்கொண்டே இருந்தது. ஹெப்சிபாவைக் கருத்தரங்குகளுக்கு அழைத்தார்கள். அவளும் போய்ப் பேசினாள்.

உலகம்மாள் திருப்பூரிலேயே கல்யாணம் செய்துகொண்டாள். சாயப்பட்டறை மேஸ்திரி. ஒரு பெண் குழந்தை பிறந்தது. மகிழ் என்று பெயர் வைத்தார்கள். ஹெப்சிபா அவ்வப்போது போனில் பேசுவாள். உலகம்மாள் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

“எங்கம்ம எப்பிடி இருக்கா?” என்று கேட்பாள்.

“நல்லா பரவுதாவ.”

“சங்கரன்கோயில் தாண்டிட்டாளா?”

“தாண்டியாச்சு.”

“உயிரோட இருக்கையில பஸ் ஏறுனா வாந்தி எடுப்பா” என்பாள் உலகம்மாள். இருவரும் சிரிப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் போனை வைத்துவிடுவார்கள்.

*

மகிழ் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம், செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் எண் எகிறியது. காரணம் தெரியாமல் ஹெப்சிபா நேரில் போய்ப் பார்த்தாள்.

கம்பி வேலி நெடுகத் தொட்டில்கள் தொங்கின. மரத்தில் செய்தவை, சேலைத் துண்டில் கட்டியவை. வேலி ஓரிடத்தில் வளைந்து ஆள் நுழைய வழி இருந்தது. உள்ளே, கிடங்கை மூடிய கான்கிரீட் மேடைமேல் எலுமிச்சம்பழ விளக்குகள் எரிந்தன. ஐம்பது அறுபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் மடியில் கைக்குழந்தைகள். ஒருத்தி தன் குழந்தையை மேடையிலேயே கிடத்திப் பால் பாட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஹெப்சிபா மருமகளோடு வந்திருந்த ஓர் அம்மாளின் அருகில் உட்கார்ந்தாள்.

“இவ பிள்ளையக் கொன்னவன்னுல்லா சொல்லுதாவ? இவகிட்ட வந்து பிள்ளை கேக்கிய?”

அந்த அம்மாள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். “கொன்னவளுக்குத்தான தாயி அருமை தெரியும்? மத்த அம்மனெல்லாம் பவுசா உக்காந்திருப்பாளுவ. நாம கேட்டது அவளுவ காதுல ஏற வருஷமாவும். இவ வயிறு எரிஞ்சுக்கிட்டுக் கெடக்கா. கேட்ட ஒடன குடுத்துருதா.”

“பயமா இல்லையா?”

“என்ன இப்படிக் கேட்டுட்ட? பயம் இருக்கப் போய்த்தான கும்பிடுதோம்.”

மருமகள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். சற்றுத் தள்ளி இரண்டு ஆண்கள் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் தேங்காய் இருந்தது. உள்ளங்கையில் அதை நிறுத்திவைத்து மெதுவாக நடந்தார். நீரோட்டம் பார்க்கிறார்.

“ஒரு போர் போட்டாப் போதும்” என்றார் மற்றவர். “வாரவளுவளுக்குத் தாகத்துக்குத் தண்ணி இல்ல பாருங்க.”

*

திரவியம் ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்தன. அவருக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது.

“வேலிய ஒசத்துவோம். போலீசு போடுவோம்.”

“எத்தன வருஷத்துக்கு சார்?”

“தேய்மானி என்ன சொல்லுது?”

“ஒரு இழப்பு வேணும்னு சொல்லுது.”

“வெளங்கும்படியாச் சொல்லு.”

“அங்க போய்க் கும்பிட்டவ ஒருத்தியோட பிள்ளை சாவணும். எல்லாருக்கும் தெரியச் சாவணும்.”

திரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை நெடுநேரம் துடைத்தார். “மேடைக்கு வடக்க, கீழ உள்ள வெசம் மேல வார காத்துக்குழாய் ஒண்ணு இருக்குல்லா? அத அடைக்கணும்னு எழுதி வந்திருந்துச்சு.”

“ஆமா. இந்த மாசமே அடைக்கணும்.”

“அவசரம் இல்லன்னு வச்சிக்கிடுவோம்.”

“சார்.”

“நான் ஒண்ணும் செய்யச் சொல்லல ஹெப்சி. செய்யாம இருக்கச் சொல்லுதேன்.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “அங்க ஒரு போர் எறங்குனா எத்தன ஊரு போவும்னு நீதான் படம் போட்டுக் காட்டுன. எனக்கு மட்டும் பேரன் பேத்தி இல்லையா?”

*

“தொட்டில் கட்டுதாவளா?” என்றாள் உலகம்மாள். “எங்கம்மைக்கா?”

திருப்பூரில் அவள் வீடு ஒரு வரிசைக் குடித்தனத்தின் கடைசியில் இருந்தது. அவள் ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. சிரித்துக்கொண்டே துடைத்தாள்.

“என்ன பொய்யச் சொன்னாலும் கண்டுபிடிச்சிருவாளுவ பாத்தியளா? பொம்பளையளுக்குத் தெரிஞ்சிருக்கு எக்கா. அவ அப்பிடிப்பட்டவ இல்லன்னு தெரிஞ்சிருக்கு.”

ஹெப்சிபா அவளை அந்தச் சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் விட்டுவைத்தாள். பிறகு கிணற்றைப் பற்றிச் சொன்னாள். காற்றுக்குழாயைப் பற்றிச் சொன்னாள்.

உலகம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். உள்ளறையில் மகிழ் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை செத்தாப் போதுமா, செத்ததாச் சொன்னாப் போதுமா?”

ஹெப்சிபா இதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

“நம்பணும்” என்றாள்.

“அழுதா நம்புவாவ.”

“கூலிக்கு அழ ஆளு பாக்கலாம் உலகு.”

“பெத்தவளுவகிட்ட கூலி அழுகை செல்லாது.” உலகம்மாள் எழுந்து உள்ளே போனாள். வாய்ப்பாடு ஒரு நிமிடம் நின்றது. மறுபடி தொடங்கியது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு ஜோடிச் சின்னக் கொலுசு இருந்தது. மகிழின் முதல் கொலுசு.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் செல்லக்கனிப்பாறை வேலியோரம் கூட்டமாக இருந்தது. ஹெப்சிபா காரிலேயே இருந்தாள். கண்ணாடியை இறக்கிவைத்திருந்தாள்.

உலகம்மாள் தலைமுடியை விரித்துப்போட்டு நடந்து போனாள். முதல் தொட்டிலைப் பிய்த்தாள். இரண்டாவதைப் பிய்த்தாள். “ஏ, யாரு நீ? பைத்தியமா?” என்று யாரோ கத்தினார்கள். அவள் மேடையில் ஏறிக் கொலுசை நடுவில் போட்டாள்.

“இவகிட்டதான் கேட்டேன். குடுத்தா. நான் இல்லங்கல. பெத்து, பல்லு மொளச்சு, காட்டிட்டுப் போவோம்னு தூக்கிட்டு வந்தேன். இந்தா, இந்தத் தரையிலதான் கெடத்துனேன். சிரிச்சுது. வீடு போய்ச் சேருமுன்ன மூச்சு இல்ல. கழுத்துல விரல் தடம்.” தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். “அவ குடுக்கது ஒங்களுக்கு இல்லட்டீ. வளத்துக் கொண்டாரச் சொல்லித்தான் குடுக்கா.”

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையில் வார்த்தை இல்லை. அப்படி அழச் சொல்லி ஹெப்சிபா கேட்டிருக்கவில்லை. யார் கேட்டாலும் நம்புவார்கள். யாருக்காக அழுகிறாள் என்று ஹெப்சிபாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஒரு முதியவள் அருகில் போய்த் தோளைத் தொட்டாள். “பிள்ளை பேரு என்ன தாயி?”

உலகம்மாள் நிமிர்ந்தாள். பெயர் ஒன்றை யோசித்து வைக்க இருவருக்கும் தோன்றவில்லை. வாய் திறந்து மூடியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மகிழ்” என்றாள்.

மேடையில் குழந்தையைக் கிடத்தியிருந்தவள் பாய்ந்து அதைத் தூக்கினாள். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். யாரும் ஓடவில்லை. வேகமாக, பேசாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். விளக்குகளை யாரும் எடுக்கவில்லை.

அந்த வாரமே காற்றுக்குழாய் அடைபட்டது. திரவியம் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “அவளுக்கு என் நன்றியச் சொல்லு” என்றார். ஹெப்சிபா சொல்லவில்லை.

*

அடுத்த செவ்வாயில் ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்ததிலும் வரவில்லை. திரையில் எண் இறங்கியது. மாதங்கள் போகப் போக இன்னும் இறங்கியது. ஒருநாள் எதுவும் பதிவாகவில்லை.

பெட்டிகள் கெட்டுவிட்டன என்று நினைத்தாள். அலுவலகத்துக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அறையில் தனியாக இருந்து பெயரைச் சொன்னாள். எண் ஒன்று ஏறியது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

பேருந்தில் ஏறிப் போனாள். விலக்கு வந்தபோது நடத்துநர் எதுவும் கத்தவில்லை. விசிலும் கொடுக்கவில்லை.

“இது எந்த ஸ்டாப்பு?” என்று கேட்டாள்.

“இங்க நிக்காதும்மா.”

“பேரு என்னன்னு கேட்டேன்.”

நடத்துநர் அவளை ஒருமுறை பார்த்தார். “புள்ளகுட்டி உள்ள வண்டி” என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். பக்கத்து இருக்கைக்காரி தன் மகனின் முகத்தை மடியில் புதைத்துக்கொண்டாள்.

புதுக்குடியிருப்பில் கேட்டாள். “அந்தப் பக்கம்” என்றார்கள். சிலர் அதையும் சொல்லாமல் தாடையை அசைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெயரைச் சொன்ன ஒரு பையனைத் தகப்பன் வாயில் அடித்ததாகச் சொன்னார்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் அந்தக் கதையை விட்டுவிட்டார்கள். சாலையிலிருந்த பலகையை யாரோ தார் பூசி மறைத்திருந்தார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் அந்திக்கு மேல் பாம்பைப் பாம்பென்று சொல்லாதவர்கள். உடம்பில் கொப்புளம் வந்தால் நோயின் பெயரைச் சொல்லாமல் அம்மா வந்திருக்கிறாள் என்பவர்கள். இதெல்லாம் ஹெப்சிபாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தேய்மானிக்குத் தெரியாது. உலகத்தில் எழுதிவைத்த பெயர்களையும் பேசிவந்த பெயர்களையும் அது படித்திருந்தது. பயந்து சொல்லாமல் விட்ட பெயர் ஒன்றுகூட அதன் கைக்கு வந்ததில்லை. பயத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பெயர் உறுதிப்படும் என்று அது கணக்குப் போட்டது. அவளும் நம்பினாள்.

“அப்போ தோத்துட்டோமா?” என்று திரவியம் போனில் கேட்டார். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார்.

“தெரியல சார்.”

“புதுசா ஒரு பேரு வைக்கச் சொல்லு.”

“அதுக்கு இன்னொரு சாவு வேணும்.”

அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

*

உலகம்மாள் இளைத்திருந்தாள். ஹெப்சிபா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஈரத் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ அந்த எடத்துக்கு என்னதான் பேரு?”

“ஒண்ணும் இல்ல.”

“எங்கம்ம பேரு?”

“ஒருத்தரும் சொல்ல மாட்டுக்காவ.”

உலகம்மாள் துணியை வாளியில் போட்டாள். “நல்லதுதான எக்கா? பேரில்லாத எடத்துக்கு எவனும் வழி கேக்க முடியாதுல்லா?”

“வழி கேக்காம வாரவன்?”

உலகம்மாள் அவளைப் பார்த்தாள். “காப்பி போடுதேன்” என்று அடுக்களைக்குப் போனாள்.

மகிழ் ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து ஹெப்சிபாவின் காலடியில் உட்கார்ந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிறு. அதோடு ஒரு தாயத்து, ஒரு சின்னச் சிலுவை. எது வேலை செய்யும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கட்டியிருந்தார்கள்.

“பெரியம்மா, ஸ்கூல்ல குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்காங்க. அப்பா பக்கம் முடிச்சுட்டேன்.”

“அழகா இருக்கே.”

“அம்மா பக்கம் வரல. அம்மா எதுவும் சொல்ல மாட்டேங்குது. காலைல எந்திரிச்சதும் என் கழுத்தத் தூக்கித் தூக்கிப் பாக்குது. எதுக்குன்னு கேட்டா அழுகுது.” பென்சிலால் ஒரு வெற்றுக் கட்டத்தைத் தட்டினாள். “அம்மாவோட அம்மா பேரு என்ன? உங்களுக்குத் தெரியும்னு அப்பா சொல்லுச்சு.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஹெப்சிபா வாயெடுத்தாள். அவளே தேர்ந்தெடுத்த பெயர். அவளே எழுதிய கதை. அதில் ஒரு வரிகூட உண்மையில்லை என்று உலகத்தில் மற்ற எவரையும்விட அவளுக்குத் தெரியும். மகிழ் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறுகளுக்கு மேலே கழுத்து தெரிந்தது.

“தெரியலயே மக்கா” என்றாள்.

மகிழ் சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு கட்டத்துக்குள் ஒரு கோடு கிழித்துவிட்டு, மரத்துக்கு இலை வரைய ஆரம்பித்தாள்.